யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல் நாள் கேட்பதிலிருந்து செருப்பை மாட்டித் திரும்பும் வரை

நல்லூர், கோட்டை, நூலகம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "சோனகத் தெருவில் பெரிய பள்ளிவாசல் இருக்காமே, நாங்களும் போகலாமா?" என்று வெளிநாட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற உறவினர்களும் நண்பர்களும் கேட்பதுண்டு. கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அது அனுமதிச்சீட்டு வாங்கி நுழைகிற இடம் இல்லை. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் நாளுக்கு ஐந்து முறை வந்து தொழும் இடம். அதனால் முன்னேற்பாடுதான் பாதி வேலை.

இது முஸ்லிம் அல்லாத பயணிகளுக்காக எழுதியது. புதிதாகப் போகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தால் ஒன்று தெரியும். மரியாதை இல்லாமல் யாரும் பிழை விடுவதில்லை. கோயிலில் மரியாதை என்று பழகிய செயலை அப்படியே பள்ளிவாசலிலும் செய்வதால்தான் பிழை வருகிறது. காலைக் கழுவுவது, சுற்றி வருவது, விழுந்து கும்பிடுவது, வெள்ளிக்கிழமை பார்த்துப் போவது எல்லாம் அந்த வகை. கீழே ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வரும்.

1. முதல் நாளே ஒருவரிடம் கேளுங்கள்

நேரே வாசலுக்குப் போய் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்பதுதான் அதிகம் பேர் செய்வது. அந்த நேரத்தில் வாசலில் நிற்பவர் தொழ வந்தவராக இருப்பார். அவரால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் சங்கடம்.

இலங்கையில் பள்ளிவாசல்களை நிர்வகிப்பது நம்பிக்கையாளர் சபை. சபையில் உள்ள ஒருவரோ, தொழுகை நடத்தும் மௌலவியோ, பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொல்லும் முஅத்தினோ சரி என்றால் போதும். அவர்களை எப்படிப் பிடிப்பது? நீங்கள் தங்கியிருக்கும் விடுதிக்காரரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோனகத் தெருப் பக்கம் ஒரு கடையில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேரிடம் விசாரித்தால் மூன்றாமவர் சரியான ஆளிடம் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

கேட்கும்போது நான்கு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், எந்த நேரம், படம் எடுக்க விருப்பமா. பெண்கள் எண்ணிக்கையைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கென்று தனி இடம் இல்லை. இருந்தாலும் அதற்கு வேறு வாசலாக இருக்கலாம். முன்பே தெரிந்தால் எங்கே நிறுத்துவது, யார் கூட வருவது என்று அவர்கள் யோசித்து வைப்பார்கள். வாசலில் போய் நின்றபிறகு "ஆம்பிளைகள் மட்டும் வாங்கோ" என்று கேட்க நேர்ந்தால், கூட வந்த பெண்களுக்கு அது மனக்கஷ்டம்.

பத்துப் பேருக்கு மேல் ஒன்றாகப் போகாமலிருப்பது நல்லது. குடும்பமாக நான்கைந்து பேர் போனால் யாராவது கூட நின்று விளக்கமும் சொல்வார்கள்.

2. நாளையும் நேரத்தையும் தொழுகையை வைத்துத் தீர்மானியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது. நேரம் சரியாக அமைந்தால் மற்றச் சின்னப் பிழைகளை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள்.

முதலில் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். வெள்ளி நல்ல நாள், நல்லூரையும் பள்ளிவாசலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சைவக் குடும்பங்கள் திட்டம் போடுகின்றன. ஆனால் வெள்ளி மதியம்தான் ஜும்ஆ என்கிற வாராந்தக் கூட்டுத் தொழுகை. வாரத்திலேயே அதிகக் கூட்டம் அப்போதுதான் வரும். முன்னதாகவே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். குத்பா என்கிற பிரசங்கம் நடக்கும்போது தங்களுக்குள் பேசுவதே அவர்களுக்குக் கூடாது. அதற்கு நடுவே போய் நிற்பவரை யாரும் கவனிக்க முடியாது.

மற்ற நாட்களில் ஐந்து தொழுகை நேரங்கள்: சுபஹ் (விடியற்காலை), லுஹர் (மதியம்), அஸர் (பிற்பகல்), மஹ்ரிப் (சூரியன் மறைந்ததும்), இஷா (இரவு). இவை சூரியனை வைத்து வருபவை, அதனால் மாதத்துக்கு மாதம் மாறும். யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.54 அளவில் இருக்கும், பெப்ரவரி நடுவில் 12.24 அளவுக்குப் போகும். லுஹர் அதையடுத்துத் தொடங்கும். மஹ்ரிப் சூரியன் மறைந்ததும் வரும். நவம்பரில் 5.50 அளவிலேயே வந்துவிடும், ஜூலையில் 6.35 வரை தள்ளிப்போகும். "போன வருஷம் ஆறரைக்குத்தானே பாங்கு கேட்டது" என்று நவம்பரில் ஆறு மணிக்குப் போனால், தொழுகைக்கு நடுவில் போய் நிற்பீர்கள்.

பயணிக்கு வசதியான நேரம் காலை 9 முதல் 11 வரை. சுபஹ் முடிந்து நெடுநேரம் ஆகியிருக்கும், லுஹருக்கு இன்னும் இடைவெளி இருக்கும், தரையும் அவ்வளவாகச் சுட்டிருக்காது. காலையில் முடியாவிட்டால் அஸர் தொழுகை முடிந்து மஹ்ரிபுக்கு முன் உள்ள இடைவெளி பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் குர்ஆன் ஓத வரும் நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லுஹருக்குப் பின் உள்ள நேரத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெயிலுக்குச் சிலர் மண்டபத்தில் சற்றுச் சாய்ந்திருப்பார்கள், அவர்களைக் குழப்புவானேன்.

பள்ளிவாசல்களில் நேரப் பலகை இருக்கும். அதில் ஒரே தொழுகைக்கு இரண்டு நேரம் எழுதியிருந்தால், முதலாவது பாங்கு சொல்லும் நேரம், அடுத்தது எல்லோரும் வரிசையாக நின்று தொழத் தொடங்கும் ஜமாஅத் நேரம். முதலாவது நேரத்துக்கு அரை மணிக்கு முன்னாலேயே நீங்கள் வெளியே வந்துவிடும்படி கணக்குப் போடுங்கள். பார்க்க அரை மணி நேரம் தாராளம்.

3. விடுதியிலிருந்து புறப்படும்போதே சரியாக உடுத்துங்கள்

அங்கே போய் மாற்றிக்கொள்ள இடம் தேட வேண்டாம். ஆண்களுக்கு முழுக் காற்சட்டையோ வேட்டியோ சாரமோ எதுவும் சரி. முழங்கால் தெரியக்கூடாது. சாரத்தையோ வேட்டியையோ மடித்துக் கட்டியிருந்தால் வாசலுக்கு வருமுன் இறக்கிவிடுங்கள். மேலே கட்டாயம் சட்டை வேண்டும். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கிருந்து நேரே ஓட்டோ ஏறி, வெறும் மேலில் சால்வையைப் போர்த்தியபடி பள்ளிவாசல் வாசலில் இறங்குகிறவர்கள் உண்டு. இரண்டு இடத்துக்கும் முறை நேர் எதிர். பள்ளிவாசலில் தோளும் மார்பும் மூடியிருக்க வேண்டும். தொப்பி போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பெண்களுக்கு முழுக்கைச் சல்வார் எல்லாவற்றையும்விட வசதி. சேலை கட்டினால் இடுப்பு தெரியும். அகலமான சால்வை ஒன்று தனியாக வேண்டும். தலையை மூட மெல்லிய வலைத்துணித் துப்பட்டா உதவாது, வழுக்கி வழுக்கி விழும். பருத்தித் துணியாக எடுத்து இரண்டு ஊசி குத்திக்கொண்டால் கையை அடிக்கடி தலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. சிறு பெண்பிள்ளைகளுக்கு யாரும் கண்டிப்புக் காட்டமாட்டார்கள், என்றாலும் கையில்லாத சட்டையைத் தவிருங்கள்.

மனித முகமோ கடவுள் உருவமோ பெரிதாக அச்சடித்த சட்டைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள். தொழுகிறவரின் கண்முன் உருவம் நிற்பதை அவர்கள் விரும்புவதில்லை.

திருநீறை அழிக்க வேண்டுமா என்று பலர் மெல்லிய குரலில் கேட்பார்கள். வேண்டாம். நெற்றியில் இருப்பது இருக்கட்டும். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துதானே அனுமதி தந்தார்கள்.

மாதவிடாய் நாட்களில் முஸ்லிம் பெண்கள் தொழுகை மண்டபத்தில் தங்குவதில்லை. உங்களிடம் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. கோயில் விஷயத்தில் எப்படி முடிவு செய்வீர்களோ, இங்கும் அந்த மரியாதையைக் கொடுத்து வெளி விறாந்தையோடு நின்றுகொள்ளலாம்.

4. எதைக் கொண்டுபோகக் கூடாது

அர்ச்சனைத் தட்டு, தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் விடுதியிலோ வாகனத்திலோ இருக்கட்டும். பள்ளிவாசலில் படைப்பதற்கென்று எதுவும் கிடையாது, வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. வெறுங்கையோடு போவதுதான் முறை.

பெரிய பயணப் பைகள் வேண்டாம். இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்து இறங்கி, விடுதியில் அறை கிடைக்க நேரம் இருக்கிறதே என்று பையும் கையுமாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாட்டின் எந்த வழிபாட்டிடத்திலும் முன்பின் தெரியாதவர் கையில் பெரிய பை இருந்தால் பார்ப்பவருக்குப் பதற்றம் வரும். அது நியாயமான பதற்றம். குளித்து, பையை வைத்துவிட்டு, கைபேசியும் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுமாகப் போங்கள்.

பனங்கள்ளு யாழ்ப்பாணத்தில் சுவைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பிய பிறகு சுவையுங்கள். குடித்துவிட்டுப் போவதை யாரும் மன்னிக்கமாட்டார்கள். பச்சை வெங்காயம், உள்ளி (பூண்டு) சாப்பிட்ட வாயோடு பள்ளிக்கு வருவதையும் அவர்கள் தவிர்ப்பார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனால் போதும்.

5. போய்ச் சேருவது

ஓட்டோக்காரரிடம் வெறுமனே "பள்ளிவாசல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நகரத்திலும் சோனகத் தெருவைச் சுற்றியும் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் உண்டு. "சோனகத் தெரு, பெரிய பள்ளிவாசல்" என்று முழுமையாகச் சொல்லுங்கள். தெளிவில்லாவிட்டால் ஐந்து சந்தியில் இறங்கி அங்குள்ள கடையில் கேளுங்கள். வாகனத்தை வாசலுக்கு நேரே நிறுத்த வேண்டாம், ஒரு பக்கமாக விடுங்கள். மையத்து (இறந்தவரின் உடல்) ஏதும் வந்தால் அந்த வழி வேண்டும்.

6. செருப்பும் தண்ணீரும்

செருப்பை எங்கே கழற்றுவது என்று குழம்பினால், மற்றவர்களின் செருப்புகள் கிடக்கும் இடத்தைப் பாருங்கள். அதைத் தாண்டி ஓர் அடிகூடச் செருப்போடு வைக்கக்கூடாது. நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுகிறார்கள், அந்தத் தரை மண் படாமல் இருக்க வேண்டும். காரணம் இவ்வளவுதான். ஒரு காலைக் கழற்றி உள்ளே வைத்து, மற்றக் காலை வெளியே வைத்துக்கொண்டு வார் அவிழ்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். வார் வைத்த சப்பாத்தைவிட சாதாரணச் செருப்பு அன்றைக்கு உதவும்.

அடுத்தது காலைக் கழுவுவது. கோயிலுக்குப் போனால் கேணியிலோ தொட்டியிலோ கால் நனைத்துத்தானே நமக்குப் பழக்கம். பள்ளிவாசலில் தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் அதே நினைப்பில் காலை விடப் போவார்கள். ஹவுழ் எனப்படும் அந்தத் தொட்டி வுழு செய்வதற்கானது. தொழ வருகிறவர்கள் அதிலிருந்து நீர் எடுத்து வாய், முகம், கை, தலை, கால் என்று வரிசையாகத் தூய்மை செய்கிறார்கள். அதில் காலை விட்டால் அத்தனை பேரின் நீரும் கெட்டுப்போகும். உங்களுக்கு வுழு தேவையில்லை. கால் புழுதியாக இருந்தால் ஓரத்தில் குழாய் எங்கே என்று கேட்டுக் கழுவி, துடைத்துவிட்டு நுழையுங்கள். ஈரக் காலோடு விரிப்பில் நடக்க வேண்டாம்.

7. உள்ளே: எங்கே நடப்பது, எங்கே நிற்பது

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்ல வந்தால் சொல்லுங்கள். கை கூப்பி "வணக்கம்" என்றாலும் அன்போடு பதில் வரும். ஆண் பெண் கைகுலுக்க வேண்டாம். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும். வயதானவர்களை "ஹாஜியார்" என்றும் நடுவயதுக்காரரை "நானா" என்றும் அந்தத் தெருவில் கூப்பிடுவார்கள். உங்களுக்கு வாயில் "ஐயா", "அண்ணை" வந்தாலும் குறை இல்லை.

உள்ளே போனதும் கண் மூலஸ்தானத்தைத் தேடும். மேற்குச் சுவரில் ஒரு மாடம் தெரியும், அதுதான் மிஹ்ராப். அதற்குள் எதுவும் இருக்காது. தொழுகை நடத்தும் இமாம் நிற்கும் இடம் அது. மக்காவின் திசையைக் காட்டுவதும் அதுவே. யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் திசை நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இது தெரியாமல் பக்தியோடு மாடத்துக்கு முன் போய் விழுந்து கும்பிடுகிறவர்கள், காசு வைக்கிறவர்கள், மண்டபத்தை வலம் வருகிறவர்கள் எல்லோரும் உண்டு. நோக்கம் நல்லதுதான், ஆனால் உருவமோ பொருளோ வணங்கப்படக்கூடாது என்பது அவர்கள் சமயத்தின் அடிப்படை. அந்த இடத்தில் கும்பிட்டால் உங்களை அழைத்து வந்தவருக்குத் தர்மசங்கடம். மனதுக்குள் வேண்டிக்கொள்ளுங்கள், யார் தடுப்பது.

மிஹ்ராபை நோக்கி நின்றால் வலப்பக்கம் படிகளோடு இருப்பது மிம்பர். வெள்ளிக்கிழமை அதில் நின்றுதான் குத்பா சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் படியைக் கண்டால் ஏறத் தோன்றும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குர்ஆன் பிரதிகளைத் தொடவோ, தாண்டிப் போகவோ, அவை இருக்கும் தட்டில் பொருள் வைக்கவோ கூடாது. பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

ஜமாஅத் இல்லாத நேரத்திலும் யாராவது ஓர் ஓரத்தில் தனியாகத் தொழுதுகொண்டிருப்பார். அவருக்கு முன்னால் குறுக்கே போகவே கூடாது. சுற்று வழியானாலும் பின்பக்கமாகப் போங்கள். அவரிடம் ஏதும் கேட்டால் பதில் வராது, திரும்பியும் பார்க்கமாட்டார். அது கோபம் இல்லை, தொழுகைக்கு நடுவில் பேசினால் தொழுகை முறிந்துவிடும். அமர்ந்த நிலையில் தலையை வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் திருப்பி ஸலாம் சொல்வார். அதோடு தொழுகை முடிகிறது. அதற்குப் பிறகும் சிலர் கொஞ்ச நேரம் திக்ரில் (இறைவனை நினைந்து ஓதுவதில்) இருப்பார்கள், எழுந்த பிறகு பேசுங்கள்.

உட்காரலாம். காலை மிஹ்ராப் பக்கம் நீட்டாமல் மடித்து உட்காருங்கள்.

8. இடையில் பாங்கு சொன்னால், மையத்து வந்தால்

நேரக் கணக்கு பிசகி நீங்கள் உள்ளே இருக்கும்போதே பாங்கு கேட்டால் ஓட வேண்டாம். பேச்சை நிறுத்தி, முடியும் வரை நில்லுங்கள். பிறகு கூட்டிவந்தவரைப் பாருங்கள். அவர் பின்னால் இருக்கச் சொன்னால் கடைசிச் சுவரோரம் அமைதியாக இருந்து பார்க்கலாம். வரிசைக்கு நடுவில் நின்றுவிடாதீர்கள், தோளோடு தோள் இடைவெளி விடாமல் நிற்பது அவர்கள் முறை. அவர்களைப் பார்த்துக் குனிந்து நிமிரவும் தேவையில்லை.

மையத்து வந்தால் அன்றைய பார்வை அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒதுங்கி வழி விட்டு, மௌனமாக நின்றுவிட்டு வெளியே வாருங்கள். மையவாடிக்குள் (அடக்கம் செய்யும் இடத்துக்குள்) அழைப்பில்லாமல் போக வேண்டாம்.

9. படம்

கட்டடத்தை வெளியிலிருந்து எடுக்கவும் ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளே அனுமதி கிடைத்தாலும் தொழுகிறவர், வுழு செய்கிறவர், ஓதும் பிள்ளைகள் படத்தில் வரக்கூடாது. மிஹ்ராபுக்குள் நின்று தன்படம் எடுப்பது பெரும் பிழை. முதலில் சுற்றிப் பாருங்கள், பேசுங்கள், கைபேசியைக் கடைசியில் எடுங்கள். வந்ததும் தூக்கிப் பிடித்தால் பேச வந்தவரும் ஒதுங்கிவிடுவார்.

10. பேச்சில் 1990 வந்தால்

இதைச் சொல்லாமல் இந்தத் தெருவுக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டே மணி நேரம். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய் அகதிகளாக வாழ்ந்தார்கள். 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர்தான் திரும்பி வந்து குடியேறினார்கள். நீங்கள் சந்திக்கும் ஹாஜியார் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தவராக இருக்கலாம். கூட வரும் இளைஞர் புத்தளத்தில் பிறந்தவராக இருக்கலாம்.

நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் முழுவதும் கேளுங்கள். "எங்களுக்கும்தான் இழப்பு" என்று உடனே ஒப்பிடத் தொடங்குவது தமிழர்களாகிய நாம் அடிக்கடி விடும் பிழை. நமக்கு வலி இருக்கிறது, அது உண்மை. ஆனால் அவர் பேசும்போது அவர் வலியைப் பற்றித்தான் பேச்சு. நியாயம் சொல்லவும் கணக்குப் பார்க்கவும் அது இடமில்லை.

11. நோன்பு மாதம்

ரமழான் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னால் நகரும். பிறை தென்பட்டதா என்பதைக் கொழும்பு பெரிய பள்ளிவாசல் அறிவித்த பிறகே தொடக்கமும் பெருநாளும் உறுதியாகும். அதனால் பெருநாளைக் கணக்குப் பண்ணி விமானச்சீட்டு எடுத்தால் ஒரு நாள் கூடக்குறைய இடம் விடுங்கள். நோன்பு நாட்களில் பள்ளிவாசல் வளவுக்குள் தண்ணீரும் குடிக்க வேண்டாம். அஸருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி பகிர்வார்கள். உங்களுக்கும் நீட்டினால் மறுக்காமல் வாங்குங்கள், மதம் பார்த்துக் கொடுப்பதில்லை. ஆனால் நோன்பிருப்பவர்கள் முன்னால் அப்போதே குடிக்காமல், மஹ்ரிப் பாங்கு கேட்டதும் குடியுங்கள். இஷாவுக்குப் பிறகு நீண்ட தராவீஹ் தொழுகை இருக்கும், இரவில் பார்க்கப் போக வேண்டாம்.

12. திரும்பும்போது, அல்லது முடியாது என்று சொன்னால்

கட்டணம் இல்லை. கொடுக்க விரும்பினால் உண்டியல் எங்கே என்று கேட்டு அதில் போடுங்கள். கூட வந்து காட்டியவர் கையில் நோட்டைத் திணித்தால் அவர் கூச்சப்படுவார், விருந்தாளியாக நினைத்துத்தான் நேரம் செலவழித்தார். பிளேன்டீ குடிக்கக் கூப்பிட்டால் போங்கள். உள்ளே கேட்கத் தயங்கிய கேள்விகளை அங்கே கேட்கலாம்.

சில நாட்களில் முடியாது என்றும் சொல்வார்கள். ஏதாவது கூட்டம் இருக்கும், திருத்த வேலை நடக்கும், அல்லது பொறுப்பானவர் ஊரில் இருக்கமாட்டார். காரணம் சொல்லாமலும் இருக்கலாம். வற்புறுத்தாதீர்கள், வேறொருவரிடம் போய் அனுமதி வாங்கவும் முயலாதீர்கள். "எந்த நாள் வந்தால் வசதி?" என்று மட்டும் கேட்டு, உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இதற்காகவே யாழ்ப்பாணப் பயணத்தில் பள்ளிவாசலைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் இரண்டு நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் கையில் இருக்கும்.